செஸ் செய்தியில் நகர்த்தல்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் செஸ்ஸுக்கு நல்ல இடம் கிடைத்து வருகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது அது முதல் பக்கத்துக்கே வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது பக்கம் பக்கமாக எழுதினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இந்தச் செய்திகளைப் படித்து முடித்த பிறகும் ஆட்டத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரிவதில்லை. ‘கறுப்பு நிறக் காய்களுடன் ஆடி அபார வெற்றி’ என்று இருக்கும், ‘23வது நகர்த்தலில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டார்’ என்று இருக்கும். என்ன ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை), எந்த நகர்த்தலில் ஆட்டம் திரும்பியது, தோற்றவர் செய்த தவறு என்ன என்று ஒரு வரி இருக்காது. மாவட்ட லீக் கிரிக்கெட்டுக்குக்கூட யார் எத்தனை ரன், யார் எத்தனை விக்கெட் என்று போடுகிறோம். செஸ்ஸில் அதற்குச் சமமானது நகர்த்தல் பட்டியல். அதைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இடமில்லை என்ற பதிலை ஏற்பதற்கில்லை. ஓர் உதாரணம் தருகிறேன். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ நகரில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியின் 4வது சுற்றில், அர்மீனியாவின் லெவோன் அரோனியனை விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் வென்றார். அப்போது அவர் உலக சாம்பியன். அவர் ஆடியதில் ஆகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இது உலகெங்கும் பேசப்படுகிறது. மொத்த ஆட்டமும் இவ்வளவுதான் (கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்; ஒவ்வொரு நகர்த்தல் எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்; கு என்றால் குதிரை, யா என்றால் யானை, × என்றால் வெட்டு, + என்றால் செக்; கேஸ்லிங் என்றால் ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது; பின்னால் விளக்கத்தில் எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல், ! என்றால் சிறந்த நகர்த்தல்):

1. டி4 டி5, 2. சி4 சி6, 3. கு எஃப்3 கு எஃப்6, 4. கு சி3 இ6, 5. இ3 பி8 கு டி7, 6. பிஷப் டி3 டி×சி4, 7. பிஷப்×சி4 பி5, 8. பிஷப் டி3 பிஷப் டி6, 9. கேஸ்லிங், கேஸ்லிங், 10. ராணி சி2 பிஷப் பி7, 11. ஏ3 யா சி8, 12. கு ஜி5 சி5, 13. கு×எச்7 கு ஜி4, 14. எஃப்4 சி×டி4, 15. இ×டி4 பிஷப் சி5, 16. பிஷப் இ2 டி7 கு இ5, 17. பிஷப்×ஜி4 பிஷப்×டி4+, 18. ராஜா எச்1 கு×ஜி4, 19. கு×எஃப்8 எஃப்5, 20. கு ஜி6 ராணி எஃப்6, 21. எச்3 ராணி×ஜி6, 22. ராணி இ2 ராணி எச்5, 23. ராணி டி3 பிஷப் இ3. வெள்ளை விலகியது.

ஒரு பத்தியில் பத்துப் பன்னிரண்டு வரி. வெற்றி பெற்றவர் கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இந்த இடம் கிடைத்துவிடும்.

வெறும் பட்டியல் போதுமா என்றால், போதாது. பக்கத்தில் ஓப்பனிங்கின் பெயரும், அது எதற்காக ஆடப்படுகிறது என்பதும், திருப்பம் வந்த இரண்டு மூன்று இடங்களுக்கு விளக்கமும் வேண்டும். இந்த ஆட்டத்துக்கு நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

ஓப்பனிங்கின் பெயர் செமி-ஸ்லாவ், அதில் மெரான் கிளை. இத்தாலியின் மெரான் நகரில் 1924இல் நடந்த போட்டியில் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் இதைக் கறுப்பில் ஆடி வென்றதால் இந்தப் பெயர். இதன் உயிர்நாடி 6வது நகர்த்தலில் இருக்கிறது. கறுப்பு சி4 சிப்பாயை முன்னதாகவே வெட்டியிருக்கலாம், ஆனால் வெட்டாமல் காத்திருக்கிறது. வெள்ளை பிஷப் டி3க்கு ஒரு முறை நகர்ந்த பிறகுதான் வெட்டுகிறது. அதனால் அந்த பிஷப் சி4க்கு வர இன்னொரு முறை நகர வேண்டியிருக்கிறது. உடனே பி5 சிப்பாய் அதைத் துரத்துகிறது, பிஷப் மறுபடி டி3க்கே போகிறது. மூன்று நகர்த்தலைச் செலவழித்து வெள்ளை பிஷப் முதலில் போன டி3இலேயே வந்து நிற்க, கறுப்புக்கு பி5 சிப்பாயும் பி7இல் பிஷப்புக்கு இடமும் கிடைத்துவிடுகின்றன.

இது இலவசமாக வரவில்லை. பி5 போனபின் சி6 சிப்பாய் பின்தங்கி நிற்கிறது, பி7 பிஷப்பின் நீள மூலைவிட்டத்தையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. எனவே மெரானில் கறுப்பின் வேலை ஒன்றே ஒன்றுதான்: எப்படியாவது சி5 தள்ள வேண்டும். அதைச் செய்துவிட்டால் பி7 பிஷப் எச்1 வரை பார்க்கும். செய்ய முடியாமல் போனால், வெள்ளை பி4 சிப்பாயை வைத்து சி5 கட்டத்தைப் பூட்டிவிட்டு, சி3 குதிரையை இ4 வழியாக அங்கேயே கொண்டுவந்து உட்கார்த்தும். பிறகு கறுப்பு மூச்சுத் திணறியே தோற்கும். 11வது நகர்த்தலில் அரோனியன் ஏ3 ஆடியது இதற்குத்தான். பி4 தள்ளுவதற்கு அது ஆயத்தம். ஆனந்தின் யா சி8 அதே சி5க்கு ஆதரவு. கூடவே சி2இல் நிற்கும் வெள்ளை ராணியின் எதிரே யானை வந்து நிற்கிறது. இந்த நிலையில் 12. பி4 என்றால் ஏ5 தள்ளி அந்தச் சிப்பாயைச் சீண்டுவது வழக்கமான பதில்.

அரோனியன் பி4 ஆடவில்லை. 12. கு ஜி5 ஆடினார். டி3 பிஷப், அதற்குப் பின்னால் சி2 ராணி, இப்போது ஜி5 குதிரை, மூன்றும் எச்7ஐக் குறிவைக்கின்றன. பிஷப் எச்7ஐ வெட்டினால் எஃப்6 குதிரையால் திருப்பி வெட்ட முடியாது. வெட்டினால் ராணி எச்7இல் இறங்கி மேட். ஆக, தடுக்காவிட்டால் ஒரு சிப்பாய் போவது உறுதி. கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் யாரும் இங்கே எச்6 அல்லது ஜி6 தள்ளித்தான் யோசிப்பார்கள். ஆனந்த் அச்சுறுத்தலைக் கண்டுகொள்ளாமல் 12...சி5 தள்ளினார்.

ஏன் இது முடிகிறது? ஜி5க்குப் போன குதிரை எஃப்3இலிருந்து போனது. எஃப்3 குதிரைதான் டி4ஐயும் எச்2ஐயும் காத்துக்கொண்டிருந்தது. அது ராஜாவை விட்டுவிட்டுப் போன பிறகு, டி6இல் நிற்கும் கறுப்பு பிஷப்புக்கு எச்2 திறந்து கிடக்கிறது. வெள்ளை எச்7ஐத் தின்னும் அதே நேரத்தில் கறுப்பு எச்2ஐத் தின்னப் போகிறது. யார் முதலில் என்பதுதான் கேள்வி.

13. கு×எச்7. சிப்பாய் கைக்கு வந்தது, எஃப்8 யானையும் தாக்குதலில் இருக்கிறது. கறுப்பு எச்7இல் குதிரையைத் திருப்பி வெட்டினால் பிஷப் செக்குடன் வெட்டும். கணக்கில் ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனந்த் யானையை அப்படியே விட்டுவிட்டு 13...கு ஜி4 ஆடினார். வெள்ளை இப்போது யானையைத் தின்றால் பிஷப்×எச்2+, ராஜா எச்1, ராணி எச்4. அங்கே எச் வரிசையில் ராணி, நடுவில் பிஷப், எதிரே ராஜா. பிஷப் ஜி3க்கு விலகினாலே ராணியின் செக். ராஜா ஜி1க்கு ஓடினால் ராணி எச்2இல் மேட். இதை ராஜா பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு யானைக்கு ஆசைப்பட முடியாது.

அரோனியன் 14. எஃப்4 தள்ளினார். பி8இலிருந்து எச்2 வரை போகும் மூலைவிட்டம் அடைபட்டது, டி6 பிஷப்பின் பார்வை நின்றது. என் கணிப்பில் இந்த ஆட்டத்தில் மாணவர்கள் அதிக நேரம் உட்கார வேண்டிய இடம் இதுதான். எஃப்2 சிப்பாய் எஃப்4க்குப் போனதும் ஏ7இலிருந்து ஜி1 வரை போகும் இன்னொரு மூலைவிட்டம் திறந்துவிட்டது. வழியில் இருக்கும் வெள்ளைக் காய்கள் டி4 சிப்பாயும் இ3 சிப்பாயும் மட்டுமே. 14...சி×டி4 15. இ×டி4 என்று ஆனதும் இ3யும் காலி. டி4 ஒன்றே மிச்சம். 15...பிஷப் சி5! அடைபட்ட மூலைவிட்டத்திலிருந்து திறந்த மூலைவிட்டத்துக்கு பிஷப் ஒரே எட்டில் மாறிக்கொண்டது. டி4 சிப்பாயால் அதை வெட்டலாம்தான். வெட்டினால் டி7 குதிரை சி5இல் வந்து உட்காரும், டி வரிசை கறுப்பு ராணிக்குத் திறக்கும், டி3 பிஷப் தாக்குதலுக்கு உள்ளாகும். வெள்ளை அப்போதும் யானையே முக்கியம் என்று எஃப்8ஐத் தின்றால், குதிரை டி3 பிஷப்பைத் தின்னும். வெள்ளை ராணி அதைத் திருப்பி வெட்டினால் டி8இலிருந்து கறுப்பு ராணி வெள்ளை ராணியை எடுத்துக்கொள்ளும். விட்டுவைத்தால் டி4இல் ராணி செக், ராஜா எச்1, ஜி4 குதிரை எஃப்2இல் செக், ராஜா ஜி1, குதிரை எச்3இல் இரட்டை செக், ராஜா எச்1, ராணியை ஜி1இல் தானம் கொடுத்து, யானை வெட்டியதும் குதிரை எஃப்2இல் செக்; அதை சி2 ராணி வெட்டினாலும் டி3 குதிரை திருப்பி வெட்டி மேட். சொந்தக் காய்களே ராஜாவைச் சூழ்ந்து நெரித்துவிடும் இந்த மேட்டைப் பயிற்சி வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். மேல்மட்டப் போட்டியில் அது உண்மையான அச்சுறுத்தலாக வருவது அபூர்வம்.

எனவே 16. பிஷப் இ2. பிஷப் தாக்குதலிலிருந்து நகர்ந்து, ஜி4 குதிரையையும் தாக்குகிறது. பார்க்க மிக நியாயமான நகர்த்தல். இதற்கு ஆனந்தின் பதில்தான் ஆட்டத்தின் உச்சம்: டி7 குதிரை இ5க்கு வந்து நிற்கிறது. அங்கே அதை எஃப்4 சிப்பாய் வெட்டலாம். யானை ஏற்கனவே தாக்குதலில், சி5 பிஷப் தாக்குதலில், ஜி4 குதிரை தாக்குதலில், இப்போது இ5 குதிரையும். நான்கு காய்களை ஒரே நேரத்தில் வெட்டுக்கு வைத்திருக்கிறார்.

டி4 சிப்பாயால் குதிரையை வெட்ட விதியே இடம் தராது. சி5 பிஷப்புக்கும் ஜி1 ராஜாவுக்கும் நடுவில் அது கட்டுண்டு கிடக்கிறது. எஃப்4 சிப்பாய் வெட்டினால் ராணி×டி4+, ராஜா எச்1, ராணி ஜி1+!! சி5 பிஷப்பின் ஆதரவு இருப்பதால் ராஜா ராணியைத் தொட முடியாது. யானை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்2இல் மேட். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முந்தைய நகர்த்தலில் வெள்ளை பிஷப் இ2க்கு வந்திராவிட்டால் சி2 ராணி இரண்டாம் வரிசையிலேயே எஃப்2ஐக் காத்திருக்கும், அந்த மேட் நடந்திருக்காது. தன் ராணியின் பார்வையைத் தன் பிஷப்பாலேயே வெள்ளை மறைத்துக்கொண்டது. 16...டி7 கு இ5 இந்தக் கணத்தில் மட்டுமே செல்லுபடியாகும் நகர்த்தல். இப்படி ஒரு விளக்கத்தை நான்கு வரியில் நாளிதழ் தந்தால், காலையில் டீக்கடையில் பலகை இல்லாமலே ஒருவர் மனதில் ஓட்டிப் பார்ப்பார்.

17. பிஷப்×ஜி4 பிஷப்×டி4+ 18. ராஜா எச்1 கு×ஜி4 என்று போய், 19. கு×எஃப்8இல் கடைசியாக வெள்ளைக்கு யானை கிடைக்கிறது. இந்த நொடியில் வெள்ளை ஒரு முழு யானை கூடுதல். எஃப்8 குதிரையை ராஜாவால் வெட்டலாம். ஆனந்த் அதையும் வெட்டாமல் 19...எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். செக் இல்லை, வெட்டு இல்லை. சி2 ராணி எச்7க்கு இறங்கும் வழியை அது மூடுகிறது. ஜி4 குதிரைக்கு முட்டுக்கொடுக்கிறது. அடுத்து ராணி எச்4 என்று மிரட்டுகிறது. யானைக் குறைவில் நிற்கும்போது இப்படி அமைதியாக ஒரு சிப்பாயைத் தள்ளத்தான் தெம்பு வேண்டும். எச்4ஐத் தடுக்க 20. கு ஜி6, ராணி எஃப்6இலிருந்து அந்தக் குதிரையைத் தாக்கி, அடுத்ததில் தின்றுவிடுகிறது. 21. எச்3க்குப் பிறகு வெள்ளை ஜி4 குதிரையை வெட்டினால் ராணி எச்6இல் உடனடி மேட். எஃப்4இல் சொந்தச் சிப்பாய் மறிப்பதால் சி1 பிஷப்பால் எச்6ஐ எட்ட முடியாது. 22...ராணி எச்5க்குப் பின் எச்3 சிப்பாய் ராஜாவோடு கட்டுண்டு விடுகிறது, ஜி4ஐ வெட்டவே முடியாது. 23. ராணி டி3 மூன்றாம் வரிசை வழியாக எச்3ஐக் காக்கிறது. அந்த வரிசையின் நடுவில் 23...பிஷப் இ3 வந்து உட்காருகிறது. எச்3ஐ ராணி வெட்டினால் ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. பி7 பிஷப் அதை ராஜாவோடு கட்டிவைத்திருக்கிறது. அரோனியன் கைகொடுத்தார். 10வது நகர்த்தலில் பி7இல் போய் உட்கார்ந்த பிஷப் அதன்பின் ஒரு முறைகூட நகரவில்லை. சி5 தள்ளப்பட்டதிலிருந்து அது பார்த்துக்கொண்டிருந்த மூலைவிட்டம்தான் கடைசியில் ராஜாவை முடித்தது. ஓப்பனிங்கின் நோக்கம் 23வது நகர்த்தல் வரை வேலை செய்தது என்று சொல்வது இதைத்தான்.

இந்த ஆட்டத்தோடு சேர்த்துப் போட வேண்டிய பழைய ஆட்டம் ஒன்று உண்டு: 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடியது. அதிலும் வெள்ளை 17வது நகர்த்தலில் எஃப்4 தள்ளுகிறது. அதிலும் கறுப்பு பிஷப் ஏ7–ஜி1 மூலைவிட்டத்துக்கு மாறி பி6இலிருந்து செக் சொல்கிறது. ராஜா எச்1, குதிரை ஜி4, பி7இல் இன்னொரு பிஷப், சி8இல் யானை, எல்லாம் அதே இடங்கள்; ஆனந்த் மிரட்டிய ராணி எச்4 இங்கே ஆடவே படுகிறது. பிறகு 22...யா×சி3 என்று யானையையும் ராணியையும் ஒருசேரக் கொடுத்து, 25...யா எச்3இல் முடிக்கிறார். 1924இல் மெரானில் இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வைக் ஆன் ஸீயில் ஆனந்த் ஆடியதை ‘கம்ப்யூட்டர் மனப்பாடம்’ என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். தயாரிப்பு இருந்தது உண்மை. 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்காகச் செய்த தயாரிப்பு அது என்று ஆனந்தே சொன்னார். ஆனால் எந்த நிலையில் எந்தக் காயைக் கொடுக்கலாம் என்ற யோசனை எங்கிருந்தோ வர வேண்டுமே. அது நூறாண்டுகளாக ஆட்டக்காரர்களின் கண்ணில் படிந்த உருவங்களிலிருந்து வருகிறது. மெரான் ஆனந்துக்குப் புதிதும் அல்ல. 2008இல் பான் நகரில் கிராம்னிக்கை 6.5–4.5 என்று வென்ற உலகப் போட்டியில் 3வது, 5வது ஆட்டங்களில் கறுப்பில் இதே மெரானின் வேறு கிளையை ஆடி இரண்டையும் வென்றார். தொடரின் போக்கே அந்த இரண்டில்தான் முடிவானது.

பெற்றோர்களுக்காகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செய்தியில் ‘மெரான் ஆடி வென்றார்’ என்று மட்டும் வந்தால், அடுத்த மாதமே பத்து வயதுப் பிள்ளைக்கு மெரான் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு வருகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளிப் போட்டி அளவில் மெரான் ஆடுபவர்கள் தோற்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். 4வது அல்லது 5வது நகர்த்தலிலேயே அவசரப்பட்டு சி4ஐ வெட்டிவிடுவார்கள். வெள்ளை பிஷப் ஒரே எட்டில் வந்து வெட்டிக்கொள்ளும், மெரானின் லாபமே போச்சு. அல்லது பி5 வரை சரியாக ஆடிவிட்டு, கேஸ்லிங், யானை, ராணி என்று மற்றதையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டே சி5ஐத் தள்ளிப்போடுவார்கள். பி4 வந்துவிடும், ஆட்டம் முடிந்தது. இன்னும் சிலர் ஆனந்தின் கு ஜி4ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் குதிரை எஃப்3இலேயே இருக்கும்போது அதை ஆடுவார்கள். எச்2ஐ அந்தக் குதிரை காத்து நிற்கிறது. எச்3 ஒரு தள்ளு, குதிரை வந்த வழியே திரும்ப வேண்டும். 12. கு ஜி5தான் எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது என்பதை விளக்கினால்தான் இந்தத் தவறு தடுக்கப்படும். நகர்த்தல் இல்லாத செய்தி அந்த விளக்கத்தைத் தர வழியே இல்லை. வெள்ளையில் ஆடுபவர்களும் மெரானுக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. 6வது நகர்த்தலில் பிஷப் டி3க்குப் பதில் ராணி சி2 ஆடி, கறுப்பு வெட்டட்டும் என்று காத்திருக்கும் வழி இருக்கிறது.

இனி அச்சு வேலை. சில இடங்களில் சறுக்க வாய்ப்பு அதிகம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ராஜா, ராணி இரண்டுக்கும் முதலெழுத்து ‘ரா’. ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் குழப்பம் வரும். பிஷப்பைப் ‘பி’ என்று போட்டால் பி வரிசையோடு மோதும். இவற்றை முழுதாகவே எழுதுவது நல்லது. இன்னும் நல்லது காய்களின் சிறு படங்களையே போடுவது. யூனிகோடில் செஸ் காய்களுக்குக் குறியீடுகள் உண்டு. எழுத்துரு அதை ஆதரிக்கிறதா என்று ஒரு முறை அச்சுப்படியில் பார்த்துவிட்டால் போதும், சில எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம் மட்டுமே விழும்.

ஒரே கட்டத்துக்கு இரண்டு குதிரைகள் போக முடியும்போது எது போனது என்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆட்டத்திலேயே இரண்டு இடங்கள். 5வது நகர்த்தலில் பி8 குதிரையும் எஃப்6 குதிரையும் டி7க்கு வரலாம். 16வது நகர்த்தலில் டி7 குதிரையும் ஜி4 குதிரையும் இ5க்கு வரலாம். அந்த ‘டி7’ விட்டுப்போனால், வாசகர் ஜி4 குதிரையைத் தூக்கி வைத்துவிட்டு, எஃப்2இல் மேட் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். பிழை திருத்துபவருக்குச் செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தட்டச்சு செய்ததை ஏதாவது ஒரு செஸ் செயலியில் ஒரு முறை நகர்த்திப் பார்த்தால் தவறு தானே வெளிப்படும்.

பலகைப் படம் போடும்போது வெள்ளை ஆட்டக்காரரின் வலது கை மூலை, அதாவது எச்1, வெளிர்நிறக் கட்டமாக இருக்க வேண்டும். விளம்பரங்களிலும் செய்திப் படங்களிலும் இது தலைகீழாக வருவது சர்வ சாதாரணம். அதோடு கறுப்பு வென்ற ஆட்டம் என்பதற்காகப் பலகையைத் திருப்பிப் போட வேண்டாம். வெள்ளை கீழே இருப்பதுதான் மரபு. எந்த நகர்த்தலுக்குப் பிறகான நிலை, இப்போது யார் நகர்த்த வேண்டும் என்பது படத்துக்கடியில் இருக்க வேண்டும். அது இல்லாத படம் வெறும் அலங்காரம்.

உரிமைப் பிரச்சினை வருமோ என்ற தயக்கம் ஆசிரியர் குழுவில் இருக்கலாம். 2016இல் கார்ல்சன்–கர்யாகின் உலகப் போட்டியின்போது, நகர்த்தல்களை உடனுக்குடன் வெளியிடுவதைத் தடுக்கக் கோரி அமைப்பாளர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள்; நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நகர்த்தல்கள் நடந்த சம்பவங்களின் பதிவு. ஒருவர் எழுதிய விமர்சனக் குறிப்பை எடுத்துப் போடுவதுதான் தவறு. விளக்கத்தை உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய போட்டிகளோடு நிறுத்திவிடவும் வேண்டாம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி நீண்ட நேர ஆட்டங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் நகர்த்தல்களைத் தாளில் எழுதியாக வேண்டும். ஆக மாவட்டப் போட்டியில் முதலிடம் பிடித்த பிள்ளையின் ஆட்டமும் தாளில் இருக்கத்தான் செய்கிறது. பரிசளிப்பு விழாவுக்குப் போகும் நிருபர் அதை ஒரு போட்டோ எடுத்து வந்தால் போதும். பிள்ளைகளின் கையெழுத்தில் ‘இ’யும் ‘சி’யும் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும், கவனித்துப் படிக்க வேண்டும்.

வாரம் ஒரு ஆட்டம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. மாதம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பலகைப் படத்துடன் வந்தால் போதும். முதல் மாதத்துக்கு மேலே சொன்ன ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளையின் 16வது நகர்த்தலுக்குப் பிறகு, கறுப்பு நகர்த்த வேண்டிய நிலையைப் படமாகப் போட்டு, ‘கறுப்பின் அடுத்த நகர்த்தல் என்ன?’ என்று கேட்டு, விடையை மறுநாள் தரலாம். படம் வரைபவருக்காக அந்த நிலையை இங்கே தருகிறேன்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப்புகள் சி1, இ2, குதிரைகள் சி3, எச்7, சிப்பாய்கள் ஏ3, பி2, டி4, எஃப்4, ஜி2, எச்2. மொத்தம் 14 காய்கள்.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் சி8, எஃப்8, பிஷப்புகள் பி7, சி5, குதிரைகள் டி7, ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்7, ஜி7. மொத்தம் 13 காய்கள்.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர் ஒருவர்,
திருச்சி.